இன்னொரு பொட்டலம்

இது நாச்சிவலசு பிரிவுல நிக்குமா கண்ணு? நிக்கும்னு கண்டக்டர் சொன்னான். ஏறுற வரைக்கும் எல்லாக் கண்டக்டரும் அப்படித்தான் சொல்லுவான். அப்பறம் டிரைவர் நிக்காம ஓட்டிக்கிட்டுப் போவான், இவன் வாசல்ல நின்னுக்கிட்டு வானத்தைப் பாப்பான். நீ தெனம் இதுலதான் போறயா? அப்பச் சரி. பிரிவு வந்தாச் சொல்லு. போனைப் பாத்துக்கிட்டு மறந்துறாதே.

சித்தெ அக்கட்ட நகந்துக்க. இல்ல, பையைக் கீழ வெக்கக்கூடாது. மேலயும் வேண்டாம், மேல வெச்சா ஆரு எடுத்துக்கிட்டு எறங்கறாங்கன்னு எப்படித் தெரியும்? உள்ள பத்திரிகை இருக்குது. என்ற மக கல்யாணப் பத்திரிகை. மொதப் பத்திரிகை குலதெய்வத்துக்கு வெக்கோணும், அப்பறந்தான் ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம். எங்களுக்கு நாச்சிவலசுச் செல்லாண்டியாத்தாதான் குலதெய்வம். என்ற ஊட்டுக்காரரும் வாரேன்னுதான் சொன்னாரு. நீங்க பந்தல்காரனைப் போயிப் பாருங்கன்னு தாட்டி விட்டுட்டேன். ஆத்தாகிட்ட எனக்குத் தனியா ஒரு பழமை பேச, ஒண்ணு கேக்க வேண்டியிருக்குது.

நீ சாமி கும்புடுவியா? பாத்தியா, கேட்டு முடிக்கல, தலையாட்டிட்டே. அதுதான் மனுச லட்சணம். நீ இல்லைன்னு சொல்லியிருந்தாலும் நான் ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டேன். எங்க ஊர்லயும் கருப்புச் சட்டைக்காரங்க இருக்கறாங்க. சாமி கெடையாதும்பாங்க, கல்லும்பாங்க, கேட்டுக்கிட்டுப் போயிருவேன். அவங்க எந்தப் பக்கம்னு நமக்குத் தெரிஞ்சு போச்சல்லோ? எதிரியா இருந்தாலும் எங்க நிக்கறான்னு தெரிஞ்சா பயமில்லை. தெரியாட்டித்தான் பயம்.

என்ற மக பேரு யமுனா. ஒத்தைப் புள்ளை. பால் சொசைட்டியில வேலை, பாலைப் பரிசோதனை பண்ணி எழுதுவா. அங்கதான் அந்தப் பையனைப் பாத்திருக்கறா. மாட்டு டாக்டரு. பேரு மதிவாணன். ஒரு நாள் சோறு தின்னுக்கிட்டு இருக்கறப்ப, 'அம்மா, எனக்கு ஒருத்தரைப் புடிச்சிருக்குது'ன்னு பொட்டாட்ட, ஒண்ணுமே இல்லாத மாதிரிச் சொல்றா. விசாரிச்சேன். விடுவனா? சாதிசனம் நம்மளவங்கதான். அதுல ஒண்ணும் சொல்ல முடியலை. சர்க்கார் உத்தியோகம். குடி கெடையாது. பீடி சிகரெட்டு கெடையாது. என்னடா இது, ஒரு குத்தமும் இல்லாம ஒரு மனுசன் இருப்பானா? எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கறான்னு அப்பவே எனக்குப் பட்டுது.

ஊட்டுக்கு வரச் சொன்னோம். வந்தான். நான் சுத்தி வளைக்கற ஆளு இல்ல. காப்பியைக் கையில குடுத்துப்போட்டு, 'தம்பி, உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டுங்களா?'ன்னு கேட்டேன்.

அந்தப் பையன் டம்ளரைக் கீழ வெச்சான். யோசிச்சான். எதுக்கு யோசிக்கோணும்? நீ யோசிச்சியா இப்ப? யோசிச்சுப்போட்டு, 'தெரியலைங்க அத்தை'ன்னான்.

தெரியலையாமா! நான் என்ன அடுத்தவன் ஊட்டுச் சமாச்சாரமா கேட்டேன்? உன்ற மனசுல இருக்கறது உனக்குத் தெரியாதா? சோறு தின்னியான்னு கேட்டா தெரியலைன்னு சொல்லுவியா? நான் விடலை. 'அப்படின்னா சாமி இல்லைங்கறீங்களா?'ன்னேன். 'இல்லைன்னு சொல்றதுக்கும் எனக்குத் தெரியாதுங்களே அத்தை. இருக்குதுன்னு நிறையப் பேரு சொல்றாங்க, இல்லைன்னும் நிறையப் பேரு சொல்றாங்க. ரெண்டு பேருமே போயிப் பாத்துட்டு வந்து சொல்ற மாதிரி எனக்குத் தோணலை. தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்டச் சொன்னா, அது பொய்யாயிருமுங்க'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். நான் என்ற ஊட்டுக்காரரைப் பாத்தேன். அவரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு எதுக்கும் சிரிப்பாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடிக்கிட்டு இருக்கறேன், இன்னும் கெடைக்கலை.

அன்னைக்கு எங்க மாடு தீவனம் எடுக்காம படுத்திருந்துச்சு. கட்டுத்தறிக்குப் போயித் தொட்டுப் பாத்தான், காதைப் பாத்தான், வாயைத் தொறந்து பாத்தான். என்ன நோவுன்னு கேட்டா, 'இப்பத்திக்குத் தெரியலைங்க, நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்'ன்னான். அங்கயும் அதே பாட்டு! ஒரு ஊசி போட்டான். நான் அவனை நம்பி இருப்பனா? மஞ்சத்துணியில காசு முடிஞ்சு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். அந்தப் பக்கம் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி. தர்காவுல ஓதின தண்ணியும் வாங்கிட்டு வந்து தெளிச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னுதான். மாடு எந்திருச்சிருச்சு. எதுனால எந்திருச்சுதுன்னு ஆரு கண்டா? ஆனா எந்திருச்சிருச்சு.

சொல்லு, தெரியலைன்னு சொல்றவன் கையில ஒத்தைப் புள்ளையை எப்படிப் புடிச்சுக் குடுக்கறது? நாளைக்கு, ஏப்பா நேரங்கழிச்சு வர்றே, எங்க போனேன்னு கேட்டா தெரியலைம்பான். சாமிக்குப் பயந்தவன்னா ஒரு சத்தியம் வாங்கிக்கலாம். எங்க அக்கா ஊட்டுக்காரரு, கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு, இனி அந்தப் பொம்பளை ஊட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்னு. போனாரு. அதென்னமோ போனாருதான். ஆனா போறப்பத் திருநீறு பூசிக்கிட்டுத்தான் போவாரு. அந்த அளவுக்காச்சும் ஒரு பயம் இருந்துச்சல்லோ?

அப்பறம் நான் பையனைச் சோதிச்சுப் பாத்தேன். திருநீத்துத் தட்டை நீட்டினேன். எடுத்துப் பூசிக்கிட்டான். ஆகா, மாட்டிக்கிட்டான்னு, 'அப்ப நம்பிக்கை இருக்குதுங்களா?'ன்னேன். 'நீங்க குடுத்தீங்க, பூசிக்கிட்டேனுங்க'ங்கறான். கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கையெடுத்துக் கும்புட்டான். 'ஆரைக் கும்புட்டீங்க தம்பி?' 'எல்லாரும் கும்புடற எடத்துல சும்மா நிக்கறது மரியாதை இல்லைங்களே அத்தை.' இந்தா, இப்படி வழுக்கிக்கிட்டே போறான், வெளக்கெண்ணெய் பூசின மாதிரி.

சரி, பெத்தவங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு அவங்க ஊட்டுக்கே போனேன். ஊட்டைப் பாத்தா ஒரு செவுத்துல தலைவருங்க படம், எதுத்த செவுத்துல சாமி படம். அவங்கப்பா கருப்புச் சட்டை. அவங்கம்மா வெள்ளி செவ்வா விரதம். ரெண்டு பேரும் எப்படிக் குடும்பம் பண்ணுனாங்களோ! அவங்கப்பாவைத் தனியாக் கூப்புட்டுக் கேட்டேன். அந்த மனுசன் குரலைத் தாழ்த்தி, 'எனக்கே சந்தேகந்தானுங்க. வெளிய தெரியலைம்பான், உள்ளுக்குள்ள அவங்கம்மா கட்சி. நான் இல்லாதப்ப கோயிலுக்குப் போறான்னு நெனைக்கறேன்'ன்னாரு. அடுப்பங்கரைக்குப் போயி அந்தம்மாகிட்டக் கேட்டேன். அது முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, 'அவன் அவங்கப்பா கட்சிதானுங்க அக்கா. எனக்கு மனசு நோகக்கூடாதுன்னு தெரியலைங்கறான்'னுச்சு. பெத்தவங்களுக்கே புடிபடாதவன்!

வேண்டாம்னுட்டேன். யமுனா சண்டை போடலை. போட்டிருந்தாத் தேவலை. 'நீ கட்டி வெக்கற வேற ஆரையும் கட்டிக்க மாட்டேன், உன்னை மீறியும் கட்டிக்க மாட்டேன்'னு சொல்லிப்போட்டு வேலைக்குப் போனா, வந்தா. பாலு, சோறு, கரண்டு பில்லு, அவ்வளவுதான் பேச்சு. பொழுதுக்கும் வாய் ஓயாத புள்ளை அது. ஊடே செத்த ஊடு மாதிரி ஆயிருச்சு. அந்த நாள்லதான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. ஆத்தாகிட்டப் பூக் கேக்கலாம்.

உங்க பக்கம் பூக் கேக்கற வழக்கம் இருக்குதா? எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாத்துக்கும் இருக்குது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம், ரெண்டும் ஒரே மாதிரி மடிச்சுக் கட்டி ஆத்தா காலடியில வெச்சிருவாங்க. ஒண்ணும் அறியாத புள்ளையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா ஆத்தா சரிங்கறா, செவப்பு வந்தா வேண்டாங்கறா. இன்னொண்ணைப் பிரிக்கக் கூடாது. அதைக் கோயில் கெணத்துல போட்டுருவாங்க. சாமி சொன்னதுக்கப்பறம் இன்னொண்ணைப் பிரிச்சுப் பாத்தா, சாமி மேலயே சந்தேகப்பட்டதா ஆயிரும்.

நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கறேன். யமுனாவை வெளியூருக் காலேசுக்கு அனுப்பலாமான்னு கேட்டப்ப வெள்ளை வந்துச்சு. எனக்கு அனுப்ப இஷ்டமில்லை. ஆத்தாளுக்குச் சரியாக் காதுல விழுந்திருக்காது, ஒரே மேளச் சத்தம், அப்படின்னு மறுபடியும் கேட்டேன். மறுபடியும் வெள்ளை. பூசாரி சரியாக் கலக்கலைன்னு இன்னொருக்காக் கேட்டு, அப்பறந்தான் செவப்பு வந்துச்சு. அனுப்பலை. தேங்காய் அழுகலாப் போனா இன்னொண்ணு வாங்கி ஒடைக்கறதில்லையா, அது மாதிரித்தான்.

இந்தத் தடவை அப்படித் திருப்பித் திருப்பிக் கேக்க முடியாது. ரெண்டு குடும்பமும் கூட நிக்கும். அதுவுமில்லாம ஆத்தா இளகின மனசுக்காரி. கல்லுக்குள்ள உக்காந்திருக்கறவளுக்கு இந்தக் காலத்துப் பசங்க சூது என்ன தெரியும்? நான்தானே பாத்துக்கோணும். அதனால ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வெச்சுட்டேன்.

என்ன கண்ணு அப்படிப் பாக்கறே? ஏமாத்தறதா? ஆத்தாளை நான் எதுக்கு ஏமாத்தறேன்? அவளுக்கு ஒத்தாசை பண்ணுனேன்.

பூசாரி கட்டுனா நம்ப முடியாது, ஆரு அவன் காதுல என்ன ஓதி வெச்சிருக்காங்களோ, நானே கட்டறேன்னு சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. கோயில்ல நந்தியாவட்டைச் செடி இருக்குது, எல்லாரு கண்ணுக்கும் தெரியற மாதிரி வெள்ளைப்பூப் பறிச்சேன். செவ்வரளியும் பறிச்சேன். பொங்கல் வெக்கற கொட்டகைக்குப் பின்னால உக்காந்து, கொண்டுக்கிட்டுப் போயிருந்த காலண்டர்த் தாள்ல ரெண்டுலயும் அரளியை வெச்சு மடிச்சு, பச்சை நூலால கட்டுனேன். முடிச்சு என்ற சொந்த முடிச்சு. வேற ஆரு தொட்டாலும் கண்டுபுடிச்சிரலாம். வெள்ளைப்பூவைப் பைக்குள்ள தள்ளிட்டேன். அந்நேரம் பாத்து, 'அத்தை, தண்ணி வேணுங்களா?'ன்னு பின்னால குரல். அந்தப் பையன். பாட்டிலை நீட்டிக்கிட்டு நிக்கறான். முந்தானையை எடுத்து மடி மேல போட்டுக்கிட்டேன். பாத்தானா, பாக்கலையா? மொகத்துல ஒண்ணும் இல்லை. அவன் மொகத்துல என்னைக்குத்தான் என்ன இருந்துச்சு?

தட்டுல பொட்டலத்தை வெச்சுக்கிட்டுச் சன்னதிக்குப் போனேன். எல்லாரு முன்னாலயும் அவனைக் கேட்டேன், 'தம்பி, நீங்க நம்பாத ஆளு. பூ வேண்டாம்னு சொன்னா நாளைக்கு வந்து, இதெல்லாம் சும்மான்னு சொல்லக் கூடாது'ன்னு. அதுக்கு அவன் சொன்னான் கண்ணு, 'சொல்ல மாட்டேனுங்க அத்தை. பூவுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க நேர்மையாக் கட்டியிருப்பீங்க. உங்களை நம்பறனுங்க.'

அந்த வார்த்தை எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய். என்னைப் பாத்து ஒருத்தர் இந்த வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. என்ற ஊட்டுக்காரர்கூடச் சொன்னதில்லை. ஒரு நிமிசம், தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயி ஒழுங்காக் கட்டிக்கிட்டு வந்தறலாமான்னுகூட நெனைச்சேன். அப்பறம், இதென்ன, தேன் தடவின பேச்சா இருக்குதே, எதுக்கு இப்ப இதைச் சொல்றான்னு சுதாரிச்சுக்கிட்டேன். தட்டைப் படியில வெச்சுட்டுக் கோயிலைச் சுத்தி வரப் போனேன். போயிருக்கக் கூடாது. தட்டை விட்டுக் கண்ணை எடுத்திருக்கவே கூடாது.

சுத்திக்கிட்டு வந்தா எல்லாரும் அங்கங்க நின்னது நின்னபடி. காதுகுத்துக்கு வந்தவங்க ஊட்டுச் சின்னப் பாப்பா ஒண்ணைக் கூட்டிக்கிட்டு வந்து எடுக்கச் சொன்னாங்க. அது ரெண்டையும் பாத்துச்சு, ஒண்ணை எடுத்துப் பூசாரி கையில குடுத்துச்சு. பூசாரி நூலைப் பிச்சுத் தாளைப் பிரிச்சான்.

நந்தியாவட்டை. பால் மாதிரி வெளேர்னு.

'ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!'ன்னு மணி அடிச்சாங்க. பையனோட அம்மா விழுந்து கும்புட்டுச்சு. யமுனா ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. எல்லாரும் சந்தோசத்துல அழுகறேன்னு நெனைச்சாங்க. பூசாரி இன்னொரு பொட்டலத்தைக் கெணத்துல போடறதுக்கு எடுத்தான். 'குடு, நானே போட்டுட்டு வாரேன்'னு வாங்கி, கெணத்துப் பக்கம் போயி, இடுப்புல சொருகிக்கிட்டு வந்துட்டேன்.

இதோ பாரு. இதுதான்.

தொடாதே. பாரு மட்டும்.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆரு மாத்துனாங்க? பூசாரிகிட்டப் பேச்சுவாக்குல கேட்டேன், 'நான் சுத்தப் போனப்பத் தட்டைப் பக்கத்துல வெச்சிருந்தீங்களா சாமி?'ன்னு. 'தாயி, நீங்க வெச்ச தட்டு வெச்ச எடத்துல'ன்னான். யமுனாகிட்டக் கேட்டேன். 'வெள்ளை வந்ததுக்கு உனக்கு ஏம்மா மொகம் செத்துப்போச்சு?'ன்னு என்னையே திருப்பிக் கேக்கறா. பையனோட அம்மா? அது ஈ எறும்புக்குப் பயப்படறது. ஆனா கோயில் கோயிலாச் சுத்தறவங்களை நான் நம்பறதில்லை, எனக்குத் தெரியும் கோயிலுக்குப் போறவங்க எப்படின்னு. அவங்கப்பா வேப்பமரத்தடியில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு, உள்ளயே வரலை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம், ஏன் வரலை? என்ற ஊட்டுக்காரர்கிட்ட, 'நீங்க அங்கதானே நின்னீங்க?'ன்னேன். 'ஆத்தா சொன்னதுல உனக்கென்ன சந்தேகம் வசந்தாமணி?'ன்னாரு. சொல்லிப்போட்டுச் சிரிச்சாரு.

நேராக் கேக்க முடியலை பாரு. வெள்ளை எப்படி வந்துச்சுன்னு கேட்டா, வரக் கூடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. திருடன் ஊட்டுல திருட்டுப் போன மாதிரி ஆயிருச்சு என்ற பொழப்பு. இல்ல, நான் திருடின்னு சொல்லலை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அந்தப் பையனைத்தான் கடைசியாக் கேட்டேன். நிச்சயத்தன்னைக்கு, பந்தியில எலை போட்டுக்கிட்டு இருந்தான். 'தம்பி, அன்னைக்கு வெள்ளைப்பூ வந்துச்சே, அது எப்படிங்க வந்துச்சு?'ன்னேன். கையில எலையோட என்னையே பாத்தான். 'எனக்குத் தெரியலைங்க அத்தை. உங்களுக்குத் தெரியுங்களா?'ன்னான். கிண்டலாக் கேக்கலை. அதுதான் எனக்கு ஆத்திரம். கிண்டலாக் கேட்டிருந்தாப் பதில் சொல்லியிருப்பேன். அவங்கப்பா பக்கத்து எலையில இருந்து எட்டிப் பாத்து, 'ஏனுங்க சம்பந்தி, நெஜமாவே அந்தப் பூவைச் சாமிதான் எடுத்துக் குடுத்துதுன்னு நம்பறீங்களா?'ங்கறாரு. தெரியலைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு கண்ணு. வந்துருச்சு! கடிச்சு முழுங்கிப்போட்டு ரசம் ஊத்தப் போயிட்டேன்.

பிரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சு போகுமேங்கறே. அது எனக்குத் தெரியாதா? தெனம் எடுத்துப் பாக்கறேன். இந்த முடிச்சைப் பாரு. என்ற முடிச்சு மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. உள்ள வெள்ளை இருந்துச்சுன்னு வெய்யி, ரெண்டுலயும் வெள்ளையே வெச்சு மாத்திட்டாங்கன்னு அர்த்தம். எங்க கூட்டத்துல ஒருத்தர் என்னை மாதிரியே பண்ணிட்டாங்க. அது ஆருன்னு தெரியாம காலம்பூரா அவங்களுக்குச் சோறு போடோணும். உள்ள செவப்பு இருந்துச்சுன்னா? அப்ப ஒண்ணு மட்டும் மாறியிருக்குது. ஒண்ணை மட்டும் மாத்தி, வர்றது வரட்டும்னு ஆத்தாகிட்டயே விடறவன் திருடன் இல்ல, அவன் நாயஸ்தன். அப்படி ஒரு நாயஸ்தன் அன்னைக்கு அங்க இருந்தானா? எனக்குத் தெரிஞ்சு ஆரும் இல்லை. எல்லாரையும் நினைச்சுப் பாத்துட்டேன். அப்ப மிச்சம் ஆரு? ஆத்தா. அவதான்.

அவதான்னா, அவ பாத்திருக்கறான்னு அர்த்தம். கொட்டகைக்குப் பின்னால நான் உக்காந்து மடிச்சதைப் பாத்திருக்கறா. மூணு தடவை பூக் கேட்டு என்ற புள்ளையோட காலேசைக் கெடுத்ததைப் பாத்திருக்கறா. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனது வரைக்கும் பாத்திருக்கறா. இத்தனை வருசம் கும்புட்டனே, ஒரு நாளாச்சும் பயந்திருப்பனா? சூடத்தைக் கொளுத்துனோம், சுத்துனோம், வந்தோம். இப்பத்தான் கண்ணு பயமா இருக்குது. ஊட்டுல சாமி ரூமுக்குள்ள போகவே காலு வர மாட்டேங்குது.

கல்யாணம் நடக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். யமுனா இப்ப மறுபடியும் வாய் ஓயாம பேசறா, காலையில எந்திரிச்சா அவ சத்தந்தான் கேக்குது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அந்தப் பையனும், இருக்கட்டும். மாட்டைத் தொடற கையைப் பாத்திருக்கறேன், பதமாத்தான் தொடறான். நான் இன்னைக்கு ஆத்தா முன்னால பத்திரிகையை வெச்சுப்போட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். 'நீ பாத்தியா?' பூ வெச்சுக் கேக்க மாட்டேன். வாயாலதான் கேப்பேன். பேச மாட்டா. பேசாட்டியும் கேப்பேன்.

பிரிவு வந்துருச்சா? கண்டக்டர்! நிறுத்தச் சொல்லுப்பா, எறங்கோணும்! பாத்தியா, நீ சொல்லாட்டி ஏமாத்தியிருப்பான். நீ நல்ல புள்ளை. பேரைக்கூடக் கேக்கலை பாரு. வேண்டாம், சொல்லாதே. அதுவும் நல்லதுக்குத்தான்.

இந்தா. புடி. கையை நீட்டு, பொட்டலத்தைப் புடி. இதை ஊட்டுல வெச்சுக்கிட்டு இருந்தா என்னைக்காச்சும் பிரிச்சுருவேன். கெணத்துல போடவும் கை வர மாட்டேங்குது. ஒருத்தருமே பாக்காம போயிருச்சுன்னா அது என்னமோ பண்ணுது எனக்கு. ஆராச்சும் ஒருத்தர் பாக்கட்டும். எங்க ஊடு தெரியாத, என்ற பேரு மறந்துபோற ஒருத்தர். நீ பிரிச்சுப் பாரு. நான் எறங்கி, பஸ்சு நகந்த பொறவு பிரி. பாத்துட்டு வெளிய போட்டுரு. என்னைத் தேடிக்கிட்டு வந்து சொல்லக் கூடாது. சத்தியம் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். நீ சொல்ல மாட்டேன்னு நான் நம்பறேன்.

எறங்கறேன், எறங்கறேன், எதுக்கய்யா இத்தனை விசிலு? பையைக் குடு கண்ணு. பத்திரிகை கசங்கலையே? சரி.

ஏ கண்ணு! சன்னல்கிட்ட வா! பஸ்சு போன பொறவுன்னு சொன்னனே, அதுக்குள்ள பிரிச்சிட்டியா? அய்யோ, வேண்டாம், இக்கட்டப் பாக்காதே. உன்ற மொகத்தைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுரும். அந்தப் பக்கம் திரும்பிக்க சாமி. திரும்பிக்க!